எந்த கிரீஸ்?

ஈரத்துணியால் அண்ணனின் முகத்தைத் துடைக்கும்போதுதான் சின்னவன் மாட்டிக்கொண்டான். நேற்றிலிருந்து கண்ணே திறக்காத மனிதர், மூக்கை மட்டும் அவன் விரல் பக்கம் திருப்பினார்.

"எந்த கிரீஸ்?"

சாகக் கிடக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? ஒரு வாய்த் தண்ணீர், பழைய சண்டைக்கு ஒரு சமாதானம் என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது.

கொல்லைப் பட்டறையில் ஆக்சிஜன் பூஸ்டரை அன்று காலைதான் சின்னவன் சர்வீஸ் செய்து மூடியிருந்தான். பெரிய சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, கடலுக்குள் இறங்குகிறவர்களின் சின்ன சிலிண்டருக்குள் அழுத்தித் திணிக்கிற பம்ப் அது. அதற்கென்றே தனி கிரீஸ் உண்டு; மருந்து போல விரல் நீளக் குழாயில் வரும். குழாயைப் பற்பசை மாதிரி உருட்டி நசுக்கியும் ஒன்றும் வராததால், காற்று கம்ப்ரஸருக்கு வைத்திருந்த டப்பாவில் விரலை விட்டு, பிஸ்டன் வளையத்துக்குத் தாராளமாகத் தடவிவிட்டான். அழுத்தம் ஏறிய ஆக்சிஜனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது; தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தது கைக்கு வந்து சேர்வதற்குள் கை வேலையை முடித்துவிடும், அவன் ராசி அப்படி.

"டப்பா கிரீஸ்ணா."

"கழட்டு."

அப்புறம் கழற்றுகிறேனே என்று முனகிப் பார்த்தான். கட்டில் தலைமாட்டில் இருந்த அண்ணி, போ என்பதுபோலத் தலையசைத்தாள். போனான். கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ஊதா விளக்கில் பிடித்துப் பார்த்தான். பிசுக்கு இருந்த இடமெல்லாம் மினுங்கிக் காட்டிக்கொடுத்தது. மறுபடி கழுவினான். வால்வு கையில் இருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து, துணைக்கு வந்திருந்த சின்னம்மாவின் அழுகை கேட்டது.

மறுநாள் அண்ணனை எடுத்துப் போய்விட்டுத் திரும்பியபின், வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சின்னவனுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அண்ணன் தன்னை வெறுத்துத்தான் விரட்டினாரா? சின்னம்மாவைக் கேட்டான். உன்னை நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினான் என்றாள். கண் முந்தின நாளே மூடியாயிற்று. ஊசி போட வந்திருந்த நர்ஸைக் கேட்டதற்கு, அந்த நேரத்தில் ஏதாவது சொல்வார்கள், மனதில் வைக்காதீர்கள் என்றார். அப்படியென்றால் ஏதோ சொல்லியிருக்கிறார். சின்னவனுக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. ஆனாலும் மாடிக்கு ஏறினான்.

அண்ணி கொடியிலிருந்து அண்ணனின் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பூசி மெழுகாம சொல்லுங்க. என் மேல கோவத்தோடதான் போனாரா?"

அவள் விரிப்பை ஒருதரம் உதறினாள்.

"ஆமா."

சின்னவன் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போனதுலேர்ந்து திட்டிட்டே இருந்தாரு. பேச மூச்சு இல்ல, ஆனாலும் திட்டினாரு. 'முட்டாப்பய, அதை ஓட விட்டுட்டுக் குனிஞ்சு பார்ப்பான், மூஞ்சியே போயிடும்'னு. கடைசி வரைக்கும் அதேதான் தம்பி. வேற ஒண்ணும் சொல்லல."

பிடி என்று விரிப்பின் மறுமுனையை நீட்டினாள். பிடித்தான். நீளவாக்கில் மடிக்க வேண்டியதற்கு அவன் அகலவாக்கில் மடித்துக்கொண்டு நின்றான். அண்ணி தன் பக்கத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.