தஸ்பீஹ் மணி இருந்த பை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலூனில் கிடைத்தது. முறைக்காகக் காத்திருந்தபோது கையில் அகப்பட்ட பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் எடுத்துப் போக விரும்புகிறவர் முதலில் தம் பைகளையெல்லாம் காலி செய்ய வேண்டுமாம். சாவியை எந்தப் பக்கம் மாற்றுவது, கைக்குட்டையை எங்கே தள்ளுவது, பேனாக்கத்தியை வீட்டிலேயே விட்டுவிடலாமா என்றெல்லாம், பந்தியில் எதை எங்கே வைப்பது என்று சொல்லித்தருகிறவர் மாதிரி, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரைச் சுடப்போகிறோம் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த நிதானம்தான் என்னை உறுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் என் சட்டைப்பையையே தடவிக்கொண்டிருந்தேன். சலூன்காரர் தலையை ஆட்டாதீர்கள் என்று அதட்டினார்.

நான் லௌட்டோக்காவை அடுத்த நடபுவாவில் வளர்ந்தவன். எந்தக் கதை வந்தாலும் எனக்கு அது முதலில் ஃபிஜியில்தான் வந்து இறங்கும். இதுவும் அங்கேதான் இறங்கியது. பெரிய சண்டை முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். தென்னிந்தியர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, பள்ளிக்கூடம் கட்டி, கொஞ்சம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கும் தனியாக ஒரு சங்கம் இருந்தது.

ஷம்சு என்று ஒருவன் இருந்ததில்லை. அவனை நான்தான் உண்டாக்கினேன். உண்டாக்கியவன் பேச்சை அவன் கேட்கவில்லை என்பது வேறு சங்கதி.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: [ஷம்சு துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அதன் குளிர்ச்சி அவன் முதுகெலும்பில்—] வேண்டாம். இது சினிமா.

இரண்டாவது: [தையற்காரன் ஷம்சு தன் கோட்டுக்குள் ரகசியமாக ஒரு பை தைத்துக்கொண்டான்.] இதுவும் வேண்டாம். தையற்காரனுக்குப் புதுப் பை தைத்துக்கொள்ளத் தெரியும், கதை அங்கேயே முடிந்துவிடும். எனக்கு வேண்டியவன் இருக்கிற பைகளுக்குள்ளேயே திண்டாட வேண்டியவன்.

2

ஆகவே ஷம்சு துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் குமாஸ்தா. காக்கி ட்ரில் கோட்டு போடுகிறவன். கிடங்குக்கு வந்துபோன அமெரிக்க சார்ஜென்ட் ஒருவன் கப்பலேறும் முன் ஒரு சின்ன ரிவால்வரை அவன் கையில் திணித்து, ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று சொல்லிப் போனான். ஷம்சு அதைத் துணிப்பெட்டியின் அடியில் போட்டு மறந்தே போனான். லைசென்ஸ் இல்லாத சாமான், பிடிபட்டால் ஜெயில்.

அதை மறுபடி எடுக்க வைத்தது அவன் தங்கை ஹமீதாவைப் பற்றி வந்த சேதி. ஹமீதாவை ரக்கிராக்கி பக்கம் பினாங்கில் (மலேயா பினாங்கு இல்லை, எங்கள் தீவிலேயே அந்தப் பேரில் ஓர் ஊர்), சர்க்கரை மில்லில் வேலை பார்க்கும் காசிமுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து வந்த பஸ் டிரைவர் சொன்னார்: உன் தங்கச்சிக்கு வலது கை ஒடிஞ்சிருக்கு, மாடு முட்டிருச்சுன்னு சொல்லுது. அவர்கள் வீட்டில் மாடு கிடையாது.

இது முதல் தடவையும் இல்லை. போன தடவை அவள் வீங்கிய முகத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது சங்கத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். காசிம் எல்லார் முன்னாலும் அழுதான். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். பெரியவர்கள் துஆ ஓதி, ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹமீதாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய் அந்த வீட்டில் திரும்ப விட்டுவிட்டு வந்தது ஷம்சுதான். அந்த நினைப்பு அவனைச் சாப்பிட விடவில்லை.*

* இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: போலீசுக்குப் போகக்கூடாதா? போகலாம். அன்றைக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், உங்கள் ஆட்களின் வீட்டு விவகாரம், உங்கள் சங்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள் என்பார். எழுதிப் பார்த்தேன், அவர் அதைத்தான் சொன்னார்.

3

இனிமேல்தான் பைகள்.

கோட்டின் வலப்பக்கப் பையில் புகையிலை டப்பாவும் தீப்பெட்டியும். இடப்பக்கத்தில் கைக்குட்டை. மேல் பையில் பேனாவும் சீப்பும். கால்சட்டையில் கிடங்குச் சாவிக்கொத்து. கோட்டின் உள்பையில், நெஞ்சை ஒட்டி, வாப்பா விட்டுப்போன தஸ்பீஹ் மணி. தொழுகை முடிந்ததும் உருட்டி எண்ணுகிற மணிமாலை.

ரிவால்வரை முதலில் வலப்பக்கப் பையில் போட்டுப் பார்த்தான். புகையிலையும் தீப்பெட்டியும் இடப்பக்கம் போயின, கைக்குட்டை கால்சட்டைக்குப் போனது. பழக வேண்டும் என்று ஒரு நாள் அப்படியே வேலைக்கும் போனான். மூளைக்குச் சொல்லிவிட்டான், கைக்குச் சொல்ல மறந்துவிட்டான். கிடங்கில் கூட வேலை பார்க்கும் ராமசாமி பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாய், தோரா தீப்பெட்டி குடு." (தோரா என்றால் கொஞ்சம், எங்கள் ஊர் இந்தி.)

ஷம்சுவின் கை வழக்கம்போல வலப்பக்கப் பைக்குள் போய் இரும்பைத் தொட்டது. சட்டென்று வெளியே வந்தது.

"தீந்துபோச்சுண்ணே."

சொல்லிக்கொண்டே அவன் திரும்ப, இடப்பக்கப் பையில் தீப்பெட்டி கிலுகிலுவென்றது. ராமசாமி சிரிக்கப் போனவர் நிறுத்தினார். தொங்கிக்கொண்டிருந்த வலப்பக்கத்தைப் பார்த்தார். பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

"பினாங்குக்கா போற?"

"தங்கச்சியப் பாத்துட்டு வரலாம்னு."

"கூட ஒரு ஆளு வேணும்னா சொல்லு. நான் வரேன். சண்டைக்கு இல்ல, சும்மா கூட ஒக்காந்திருக்க."

"வேணாம்ணே."

(இங்கே நான் ராமசாமியைக் கூடவே அனுப்பப் பார்த்தேன். நல்ல மனுஷர், போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஷம்சு ஒத்துக்கொள்ளவில்லை.)

மறுநாள் ஷம்சு எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். வலப்பக்கப் பை ஆகாது, தொங்குகிறது. இடுப்பில் செருகினால் உட்கார முடியவில்லை. உள்பைதான் சரி. தஸ்பீஹ் மணியை எடுத்துவிட்டு ரிவால்வரை அங்கே வைத்தான். கோட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் சாவிக்கொத்தையும் புகையிலை டப்பாவையும் போட்டதும் நேரானது. நடந்து பார்த்தான், உட்கார்ந்து பார்த்தான், பஸ் படியில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கிப் பார்த்தான். எல்லாம் பொருந்தியது. தஸ்பீஹ் மணிக்குத்தான் இடமில்லை. சட்டைப்பையில் வைத்தான், உறுத்தியது. கால்சட்டையில் வைக்க மனசு ஒப்பவில்லை. கடைசியில் அலமாரியில், மடித்த துணிமேல் வைத்து மூடினான்.

சும்மா காட்டத்தான் என்று அவன் சொல்லிக்கொண்டான். ஹமீதாவை அனுப்பு என்று கேட்பான், மாட்டேன் என்றால் எடுத்துக் காட்டுவான், அவ்வளவுதான். (காட்டுவதற்குக் குண்டு எதற்கு? நிரப்பியிருக்கிறான். அந்த வரியை நான் எழுதவில்லை, அடுத்த பக்கத்துக்கு வந்தபோது நிரம்பியிருந்தது.)

4

ஷம்சுவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது இங்கேதான். இவ்வளவு யோசித்தவன் ஒன்றை எப்படி விட்டான்? காரணம் பிறகுதான் புரிந்தது. ரிவால்வரைப் பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் அவன் தொழவில்லை. வெட்கமாக இருந்தது, தள்ளிப்போட்டான். அதனால் நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் கணக்கில் வந்தன. தொழுகை வரவில்லை.

பினாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. அதே பஸ் மில் வாசலில் திரும்பி, சற்று நின்று, லௌட்டோக்காவுக்குக் கிளம்பும். காசிம் வாசலில் நின்றிருந்தான். அடிக்கிறவன் என்று யார் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்காது. சிரித்த முகம், எண்ணெய் தடவி வாரிய தலை.

"அடடே, மச்சானா! அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு சேதி சொல்லியிருந்தா மில்லு வாசல்லயே வந்து நின்னிருப்பேனே. ஹமீதா, யாரு வந்திருக்கா பாரு! சா வையி, ஜல்தி!"

ஷம்சு ஸலாமுக்குப் பதில் சொன்னான். மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைத் தொடங்கினான்.

"மச்சான், நான் ஹமீதாவ—"

"பேசலாம் பேசலாம். அஸர் வக்து ஆயிருச்சு, மொதல்ல தொழுதுருவோம். நீங்க பெரியவுங்க, நீங்களே இமாமா நில்லுங்க. வாங்க, ஒளு எடுக்க நான் தண்ணி ஊத்தறேன்."

மாட்டேன் என்று ஷம்சுவால் சொல்ல முடியவில்லை. தகரத் தொட்டியடியில் காசிம் செம்போடு நின்றான். முழங்கை வரை கழுவ வேண்டும்.

"கோட்ட குடுங்க மச்சான், நனைஞ்சிரும்."

நீட்டிய கை. ஷம்சு கோட்டின் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒரு கணம், இப்போதே எடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தான். சத்தியமாக நினைத்தான், மறைக்க மாட்டேன்.

"என்கிட்ட குடுங்கண்ணே."

அடுக்களை வாசலிலிருந்து ஹமீதா வந்துவிட்டாள். வலது கையில் கட்டு. இடது கையை நீட்டினாள். அவன் கழற்றிக் கொடுத்தான். கனம் தாங்காமல் அவள் கை ஒரு சாண் இறங்கியது. கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"தொழுதுட்டு வாங்கண்ணே," என்றாள். "அவசரப்படாம தொழுங்க."

5

பைகளைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். ஹமீதாவைப் பேச விட்டது இப்போதுதான். சங்கத்துப் பெரியவர்களைக் குறை சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிவு ஒன்று: [ஹமீதா ரிவால்வரை எடுத்துக் காசிமின் முன்னால் நீட்டினாள். அவன் முதல்முறையாக அவளைக் கண்டு—] நன்றாகத்தான் வந்தது. கைதட்டல் கிடைக்கும். அவள் சுட்டுவிட்டால் அன்றைக்கு ஊரில் அவளைத் தூக்கில் போடுவார்கள், கைதட்டியவர்கள் வந்து பார்க்க மாட்டார்கள்.

முடிவு இரண்டு: [அவள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். தொழுகை முடித்த காசிம் மனம் கசிந்து அழுதான்.] அவன் ஏற்கெனவே ஒருமுறை அழுதவன்.

இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

6

உள்ளே பாய் விரித்தார்கள். மேற்குச் சுவரைப் பார்த்து ஷம்சு நின்றான். இரண்டே பேர் என்பதால் காசிம் அவனுக்கு வலப்பக்கம், ஒரு பாதம் பின்தள்ளி நின்றான். வாசல்கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால். அஸரில் சத்தமாக ஓதுவதில்லை, அதனால் வீட்டின் சத்தமெல்லாம் கேட்டது. அடுக்களையில் பாத்திரம் நகர்ந்தது. பிறகு தகரப்பெட்டியின் மூடி. பிறகு ஒன்றுமில்லை.

கடைசி ரக்அத்தில், அதாவது தொழுகையின் கடைசிச் சுற்றில், கடைசி ஸஜ்தாவுக்கு இருவரும் குனிந்தார்கள். நெற்றி பாயில் பட்டபோது ஷம்சுவுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் கழித்து வந்து, இப்படி வந்திருக்கிறேனே என்று அழுதான். பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

நிமிர வேண்டியதுதான். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி அவன் தலையைத் தூக்கினால் காசிமும் தூக்குவான். அப்போதுதான் ஷம்சுவுக்கு அது உறைத்தது. அவன் தூக்காதவரை காசிம் தூக்க மாட்டான். இமாமுக்கு முந்தித் தலை நிமிரக் கூடாது, மதரஸாவில் முதல் வருஷத்துப் பிள்ளைக்கும் தெரியும். காசிம் பெண்டாட்டியின் கையை ஒடிப்பவன், தொழுகையில் மட்டும் ஒரு நூல் பிசகமாட்டான்.

ஷம்சு நிமிரவில்லை.

பலகைத் தரையில் காலடி. படியில் இறங்குகிறதா, பின்னால் வந்து நிற்கிறதா என்று தரையோடு தலை வைத்திருக்கிறவனால் சொல்ல முடியாது. கோட்டு அவளிடம் இருக்கிறது. ரிவால்வர் கோட்டில் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது.

இமாமுக்கு மறதி வந்தால் பின்னால் நிற்பவர் ஸுப்ஹானல்லாஹ் என்று நினைவூட்டுவார். காசிம் மெதுவாகச் சொன்னான். சற்றுப் பொறுத்து இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். தூரத்தில் மில் வாசல் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது.

நிமிர்வதற்கான சொல் ஷம்சுவின் வாயில் இருக்கிறது. அதை எழுத வேண்டியவன் நான், எழுதப்போவதில்லை. கதை முடிந்தாக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அவனுக்காக நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே வேண்டாம். அவள் பஸ்ஸுக்குத்தான் போகிறாள் என்றால், கையில் கட்டுப் போட்டவள், ஓடினாலும் வேகமாக ஓட முடியாது.