இரண்டாம் பாதி முதலில்

...இன்னும் மூன்று நிமிடம், திரையில் அவள் அந்தக் கதவைத் திறந்துவிடுவாள், அதற்குள் யாராவது ஒருத்தர் எழுந்து நின்று கத்திவிடுவார், கத்தட்டும், ஒரு குரல் கிளம்பினால் போதும், மீதிக் குரல்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும், மேனேஜர் இரும்புப் படியில் தடதடவென்று ஏறி வருவார், எல்லாம் ஒரு வழியாக முடிந்துவிடும் என்று ஆபரேட்டர் அறையின் சின்னக் கண்ணாடிச் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான் அவன். கண்ணாடி சில்லென்று இருந்தது, நெற்றிதான் கொதித்தது. கீழே நூறு நூற்றிருபது தலைகள், பின்னந்தலைகள். ஒன்பது வருஷமாக அவனுக்குத் தெரிந்த ஜனங்கள் எல்லாரும் பின்னந்தலைகள்தான், முகத்தைப் போலப் பின்னந்தலை பொய் சொல்லாது, அலுத்த தலை இடப்பக்கம் சாயும், பயந்த தலை தோளுக்குள் இறங்கும், கூட வந்தவளோடு சண்டை போட்டுவிட்டு வந்த தலை முறைப்பாக நேரே நிற்கும், எதுவும் பிடிக்காத தலைக்குப் பக்கத்தில் செல்போன் வெளிச்சம் எரியும். இன்றைக்கு ஒரு செல்போன்கூட எரியவில்லை, இது என்ன அதிசயம், மேட்னிக்கு வரும் கூட்டம் இப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. ஏழாவது வரிசை ஓரத்தில் அக்காவின் தலை, நடுவே ஒரு கோடு நரையோடு, கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.

கத்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. படம் தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனியிலிருந்து படம் இரண்டு துண்டாகத்தான் வரும், பாகம் ஒன்று, பாகம் இரண்டு, கம்ப்யூட்டரில் அவற்றை வரிசையாக அடுக்கி நடுவில் இடைவேளை அட்டையைச் செருக வேண்டும், சின்னக் குழந்தை கட்டை அடுக்குவது போன்ற வேலை, அதில் இரண்டை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்துவிட்டான். எப்படி வைத்தான்? அதுதான் தெரியவில்லை, முன்னால் வரும் விளம்பரங்களை அடுக்கியது ஞாபகம் இருக்கிறது, பற்பசை, பெயிண்ட், புகை பிடிக்காதீர்கள், அதற்கு அப்புறம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒரு அரை நிமிடம், அது மட்டும் இல்லை, யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது போல... அவசரம், அவ்வளவுதான், அவசரத்தில் கை தவறிவிட்டது. கைதான் தவறியதா?

அவசரம் அக்காவால். அக்கா வீட்டு வாசலைத் தாண்டி எட்டு மாதம் ஆகிறது, மாமாவை விட்டு நகர முடியாது, மாமாவுக்கு மறதி, சாவியை வைத்த இடம் மறக்கிற மறதி இல்லை, சாவி எதற்கு என்பது மறக்கிற மறதி. போன வாரம் சுவரில் இந்தப் படத்தின் போஸ்டரைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, டேய், இது ஞாபகம் போனவன் கதையாமே, எனக்குப் பார்க்கணும், என்றாள். வேண்டாங்கா, அடுத்த வாரம் நல்ல காமெடிப் படம் வருது, என்றான். காமெடி வீட்லயே ஓடுதுடா, உங்க மாமா நேத்து ஷூவுக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தார், செடியாம்... மறந்தவனுக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது காட்டினா பார்க்கணும், டாக்டர் காட்டமாட்டேங்கிறார். ஏற்பாடு இப்படி ஆயிற்று, இடைவேளை வரைக்கும் மாமாவோடு அவன் இருப்பது, அதற்குப் பிறகு எதிர்வீட்டு டைலரம்மா துணியும் ஊசியுமாக வந்து உட்கார்ந்துகொள்வது. மெஷினை விட்டு நகரக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது, ஒட்டியவனே அவன்தான். ஸ்டார்ட்டை அழுத்திவிட்டுப் பின்படி வழியாக இறங்கி இரண்டு தெரு ஓடினான்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக், இந்த ஊரில் மேலே போன கால்கள் பாதி அவர் கைபட்ட கயிற்றில்தான் போயிருக்கும். வாங்க சூப்பர்வைசர் சார், என்றார் அவனை. மாப்ளே என்று கூப்பிட்ட வாய். இது எத்தனாவது மாடி சார்? மாடியே இல்லாத வீடு, ஆனால் அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. மூணாவது மாமா. அப்ப ஏன் கதவு திறக்கல? கரண்ட் போயிருக்கு மாமா. ஓ, என்று அவர் முகம் லேசாகிவிட்டது, கரண்ட்தானே, அது வந்துடும், உள்ள இருக்கறவங்கள பயப்படாம இருக்கச் சொல்லுங்க. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. அக்காவும் மாமாவும் முதன்முதலில் பேசிக்கொண்டது அப்படித்தான், அவள் வேலை பார்த்த ஆபீஸ் லிஃப்ட் நின்றுபோய், அவள் உள்ளே, இவர் வெளியே, முகம் தெரியாமல் முக்கால் மணி நேரம்.

டைலரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது திரையில் நாயகன் படியில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு எதிரே அந்தப் பெண் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தாள். அது கடைசிக் காட்சி. வியாழக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்தபோது எழுந்திருக்க முடியாமல் செய்த காட்சி. நாயகன் பேனாவை வாங்குவான், கையெழுத்துப் போடுவான், ரொம்ப நன்றிங்க என்று திருப்பிக் கொடுப்பான், தன் மனைவி என்று கடைசிவரை தெரியாமலேயே படியிறங்கிப் போய்விடுவான், பெயர்கள் மேலே ஏற ஆரம்பிக்கும். ஆரம்பித்தும் விட்டன. பதினொரு பெயர் ஏறும்வரை இவன் கை நகரவில்லை, பன்னிரண்டாவதில் பாய்ந்து இடைவேளை அட்டையைக் காட்டி விளக்கைப் போட்டான். உதை விழப்போகிறது என்று காத்திருந்தால் கீழே எல்லாரும் மெதுவாக எழுந்தார்கள், பாப்கார்ன் வாங்கப் போனார்கள், சன்னலுக்குக் கீழே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், மச்சி, இன்டர்வெல்லயே எண்டு டைட்டில் போட்டு ஏமாத்துறான் பாத்தியா, யோசிக்கவே முடியலடா. போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, இந்தப் படத்தில் எதையும் நம்பாதீர்கள் என்று, அவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். போய்ச் சொல்லியிருக்கலாம். மைக் இருக்கிறது, மன்னிக்கவும் என்று ஒரு வார்த்தை... சொல்லவில்லை. பாகம் ஒன்றை ஓடவிட்டான்.

ஓடவிட்டதும்தான் அது நடந்தது, என்ன நடந்தது என்று அவனால் இன்னும் சொல்ல முடியவில்லை. நேரான வரிசையில் படம் இதுதான், ஒருவன் ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண்ணிடம் பேனா கேட்கிறான், காதல், கல்யாணம், பழைய வீடு ஒன்று வாங்கி அவளுக்காகத் தன் கையாலேயே செங்கல் அடுக்கி ஒரு அறை கட்டுகிறான், இந்த நாளை மறக்கவே மாட்டேன் என்கிறான், இடைவேளை. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம் மறந்துபோயிற்று, மனைவி என்று சொல்லிக்கொண்டு எவளோ ஒருத்தி, தினமும் இரவு வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து வைத்துவிட்டுத் தூங்குகிறான், காலையில் வீட்டுக்குள் நடந்து எண்ணினால் படத்தைவிட ஓர் அறை கூடுதலாக இருக்கிறது, அதைக் கண்டு அவன் நடுங்குகிறான், அவளைச் சந்தேகப்படுகிறான், கடைசியில் அவளை விட்டே போகிறான். நேராகப் பார்க்கும்போது அந்த அறை என்னவென்று நமக்கு முன்பே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது, அதுதான் வலி. இப்போதோ கீழே இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது, அவனைப் போலவே ஒன்றும் தெரியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தார்கள், அவனைப் போலவே அறைகளை எண்ணினார்கள், அவனைப் போலவே அவளைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் அதே மனிதன் வந்து நின்று, கொஞ்சம் பேனா கிடைக்குமா, என்று கேட்டபோது அரங்கம் முழுவதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது, அந்தச் சத்தத்தை மெஷின் இரைச்சலையும் மீறி அவன் கேட்டான். திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள். அவன் எங்கேயும் திரும்பி வரவில்லை, அது முன்னால் நடந்தது, நான்தான் பின்னால் போட்டேன் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, கத்தினால் கோவிலுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி ஆகிவிடும் போலவும் இருந்தது.

இதோ கதவு. அவள் திறந்தாள், சுண்ணாம்பு காயாத புது அறை, சன்னலில் வெயில், இது யாருக்கு என்று அவள் கேட்க, நாயகன் சிமெண்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இந்த நாளை மறக்கவே மாட்டேன், என்றான். திரை இருண்டது. வியாழக்கிழமை இதே வார்த்தை அவன் காதில் சாபம் மாதிரி விழுந்தது, இன்று அதே வார்த்தை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, வரம் மாதிரி விழுந்தது. விளக்கைப் போட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை. கைதட்டக்கூட இல்லை. ஒரு நிமிடம் முழுதாக அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், மழை விட்ட பிறகும் மரத்தடியில் நிற்பவர்களைப் போல.

கீழே இறங்கிப் போய் வெளிவாசல் கதவோரம் நின்றுகொண்டான், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக முகங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியிடம், அந்த எக்ஸ்ட்ரா ரூமு, அதை அவனே கட்டினதுன்னு நான் பாதியிலேயே சொன்னேன்ல, என்றார், நீங்க குறட்டைதான் விட்டீங்க, என்றாள் அவள், ஆனால் அவர் கையை விடவில்லை. ஒரு பெண் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்று யாருக்கோ போன் போட்டு, ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் போஸ்டர் முன்னால் நின்று அதை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிழிக்கும் அண்ணன் அவன் விலாவில் இடித்து, என்னய்யா போட்டுக் காட்டினே, ஒருத்தனும் நகரமாட்டேங்கிறான், அடுத்த ஷோவுக்குக் கூட்ட வேணாமா, என்றார். என்ன போட்டுக் காட்டினேன். தன் கையின் தப்பு ஒன்று இத்தனை பேருடைய முகத்துக்குள் போய் விளக்கேற்றிவிட்டு நிற்கிறது, இதை யாரிடம் சொல்வது?

கடைசியாக அக்கா வந்தாள். அழுதிருக்கிறாள், ஆனால் அழுத முகம் இல்லை, குளித்த முகம். அவனுடைய சட்டைப் பட்டனைச் சரிசெய்தாள், எட்டு வயதில் செய்தது போல. டேய், நாமதான் அவன் மறந்துட்டான் மறந்துட்டான்னு சொல்றோம், அவன் எங்கியும் போகலடா, அந்த ரூம் கட்டினவன் உள்ள இருக்கான், இல்ல? அவன் தலையாட்டினான். உங்க மாமாவையும் நாளைக்குக் கூட்டிட்டு வரேன், ஓரமா உட்கார வச்சுக்கறேன், இருட்டுல பயந்தா கையப் பிடிச்சுக்கறேன். மாமாவையா? ஆமாடா, ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய வந்து எவ்வளவு நாளாச்சு. பிறகு இரண்டடி போனவள் நின்று, நாளைக்கும் இப்படியேதானே போடுவே, என்று கேட்டாள். ஆமாங்கா, என்றுவிட்டான். கழிவறைப் பக்கம் போய்விட்டு வருவதாகச் சொல்லி அவள் மறுபடி உள்ளே போனாள்.

மேலே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மாலைக் காட்சிகளுக்கு வேறு படம், நாளைய மேட்னிக்கான பட்டியல்தான் காலியாகத் திறந்திருந்தது, இப்போதே அடுக்கி வைத்துவிடுவதுதான் வழக்கம். பற்பசை. பெயிண்ட். புகை பிடிக்காதீர்கள். அதற்கு மேல் கை நின்றது. பாகம் ஒன்றை முதலில் வைத்தால் நாளைக்கு அக்கா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படியில், ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு ஒருவன் இறங்கிப் போவதை, அதுதான் முடிவு என்று, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று, இருவருமாகப் பார்க்க வேண்டும். இரண்டை முதலில் வைத்தால், இன்றைக்குக் கை தவறியது என்று சொல்லலாம், நாளைக்கு என்ன சொல்வது? படம் எடுத்தவன் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்திருப்பான், அந்த வலியைத் துளித்துளியாகச் சேர்த்திருப்பான், அதைத் திருப்பிப் போட நான் யார், வேலை போகும், போனால்... ஆனால் அந்த அரை நிமிடம், மதியம் கையை இங்கே வைத்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் எங்கே போயிற்று, தேடத் தேட அங்கே ஒரு காலி அறைதான் இருக்கிறது, கூடுதலான ஓர் அறை. அதைக் கட்டியது யார்?

சன்னல் வழியாகக் கீழே பார்த்தான். கூட்டுகிற அம்மா இன்னும் வரவில்லை, விளக்கெல்லாம் எரிகிற வெறும் அரங்கத்தில் ஏழாவது வரிசையில் அக்கா ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். தன் இடத்தில் இல்லை, பக்கத்து இருக்கையில், அங்கிருந்து திரையைப் பார்த்தாள், தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தாள், மாமாவின் கூன் முதுகு அளவுக்கு, முன்வரிசை மறைக்கிறதா என்று. பிறகு எழுந்திருக்காமல், அப்படியே கழுத்தை மட்டும் திருப்பி, மேலே இந்தச் சின்னக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

படம் நல்லா இருக்கா என்று கேட்பவர்கள் உண்டு, எத்தனை நாள் ஓடும் என்று கேட்பவர்கள் உண்டு. பதினொரு பெயர் அவளும்தானே பார்த்தாள், படத்தின் பெயர் இடைவேளைக்குப் பிறகு வந்ததை அவளும்தானே பார்த்தாள், தம்பி என்ன வேலை செய்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா... இப்படியேதானே போடுவே என்று ஒரு படத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? கை இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், நின்றுபோன லிஃப்டுக்குள், மூடிய கதவுக்கு வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்தவளைப் போல, அவசரமில்லாமல்.