அம்மாவுக்கு வராத ‘நீங்க’

1

“எனக்கு ‘நீங்க’ போட்டுப் பேசுங்க.”

கடைக்கு வரும் செக் நாட்டுக்காரர் யாரிடமும் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை கேட்டுவிட்டேன். கேட்டது குபாட்டிடம். பில்சன் நகரில் எங்கள் மளிகைக் கடை இருக்கும் கட்டடம் அவருடையது. இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். வேறு புனிதமான காரணம் எதுவும் இல்லை.

“நீ தொட்டில்ல கிடந்தப்போலேருந்து பாக்குறேன். உனக்கு என்ன ‘நீங்க’?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “உங்கம்மா என்னை ‘நீ’ன்னுதான் கூப்பிடுறா. மொதல்ல அவளுக்குச் சொல்லிக் குடு, பட்டதாரி.”

வாங்க வந்த ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியவர், வாசலில் நின்றார். “வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?”

2

ஒரு பத்திரிகை கேட்டிருக்கிறது: பிழைக்கப் போன நாட்டில் ஜனங்கள் ஏன் கடை போடுகிறார்கள், கதையாக எழுதித் தாருங்கள். எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

பசி என் அம்மா லுவாவைக் கடல் தாண்டித் துரத்திக்கொண்டு—
[அம்மா வியட்நாமிலிருந்து விமானத்தில் வந்தாள். சன்னலோர இருக்கை.]

லுவாவின் கண்களில் ஒரு கனவு—
[அவள் கண்களில் இருந்தது தூக்கம்.]

வேலை கிடைக்காதவர்களும் உறவினர் துணை உள்ளவர்களும் தொழில் தொடங்குவது—
[கல்லூரியில் இதற்கு மதிப்பெண் வாங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொந்த அம்மாவைப் பற்றி எதுவும் தெரியாமலே பட்டம் வாங்கலாம் என்று கண்டுபிடித்ததும் நான்தான்.]

3

அதனால் அவளிடமே கேட்டேன். பீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா கடை போட்ட?”

“பத்திரிகைக்கா? கஷ்டம்னு எழுது. அவங்களுக்கு அது புடிக்கும்.”

“நிஜமாக் கேக்குறேன்.”

“நானும் நிஜமாச் சொல்றேன் தியெப், குபாட்கிட்டப் போய் மன்னிப்புக் கேளு.”

“நான்* கேக்க மாட்டேன். நீ போலீஸ்காரன்லேருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாரையும் ‘நீ’ங்கிற. அந்தாளு அதைத்தான் குத்திக் காட்டுறான். ‘நீங்க’ எப்படிச் சொல்றதுன்னு சொல்லித் தர்றேன், வா.”

அம்மா கையிலிருந்த புட்டியை வைத்துவிட்டு, சுத்தமான செக் மொழியில், “தாங்கள் சற்று நகர்ந்து நின்றால் நான் பெருக்கிக்கொள்வேன், அம்மணி” என்றாள்.

நகர்ந்தேன்.

“தெரியுமா உனக்கு?”

“தையல் ஆலையில சேர்ந்த வருஷமே தெரியும். மேஸ்திரி செக் ஆளுங்களை ‘நீங்க’ம்பான், எங்களை ‘நீ’ம்பான். ஒருநாள் நானும் அவனை ‘நீ’ன்னேன். வேலை போச்சு.” துடைப்பத்தை எடுத்தாள். “சொந்தக் கடையில என்னை எவன் வெளிய அனுப்புவான்?”

[இங்கே நிறுத்தினால் பத்திரிகைக்கு நல்ல கதை. அன்றைக்கு நான் நிறுத்தவில்லை.]

“அப்போ நான் கேட்டது மட்டும் எப்படித் தப்பு?”

“நான் கேக்கலையேடி. கேட்டா, குடுக்கறதும் மறுக்கறதும் அவன் இஷ்டம். நான் பாட்டுக்கு அவனைக் கீழ எறக்கிட்டேன்.”

“எனக்கு யாரையும் எறக்க வேணாம். நான் ஏறணும்.”

“ஏறு. என் கடை மேல கால வெச்சு ஏறாத. இது போச்சுன்னா நான் திரும்பவும் ஏதோ ஒரு மேஸ்திரி முன்னாடிதான் நிக்கணும்.”

இந்தப் பத்தியை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் அவள் சொன்னது அப்படியே நிற்கிறது, என் பதில் மட்டும்—

* எங்கள் வியட்நாமிய மொழியில் அம்மாவிடம் ‘நான்’ என்று பேச முடியாது, ‘பிள்ளை’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘பிள்ளை கேக்க மாட்டா’ என்று எழுதிப் பார்த்தேன். கோபமே போய்விட்டது. ஆகவே ‘நான்’.

4

முடிவுகள்.

அ) மன்னிப்புக் கேட்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து கிடைக்கிறது. குபாட் தினமும் வந்து என்னை ‘நீ’ என்கிறார், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.

ஆ) கேட்கவில்லை. இந்த வயதில் அம்மா மறுபடி ஆலைச் சீருடையை—
[எழுத வரவில்லை.]

இ) குபாட் மனம் மாறி ‘நீங்க’ என்கிறார்.
[பத்திரிகைக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.]

உங்களுக்கு நான் ‘நீங்கள்’ போட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே கிடைக்கிறவர்களுக்கு, ஒரு கடையைப் பணயம் வைக்கிற அளவுக்கு இது பெரிய விஷயமா என்று தோன்றும். தோன்றட்டும்.

குபாட் இப்போது மாடியில், தன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை முடிவு செய்துவிட்டேன். இங்கே எழுத மாட்டேன், அது அவருக்கு உரியது. வேண்டுமானால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மேலங்கியை மாட்டினேன்.

“சொல்லிடுவியா?” என்றாள் அம்மா.

“சொல்லிடுவேன்.”

“எதை?”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.