கிளிஃபர்டுக்கு ஒரு செபம்

மகன் நினைவாகக் கோயில் கட்டியபோது அமலம்மாள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஜெலுத்தோங் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, கிளிஃபர்டின் ஆத்துமாவுக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுப் போக வேண்டும். பட்டாளத்துக்காரன். எல்லைக் காட்டில் கடத்தல்காரன் சுட்டு ஒரே நொடியில் போனவன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஏது நேரம்? மோட்சத்துக்கு முன் பாவம் தீர வேகும் உத்தரிக்கிற ஸ்தலத்தில், இங்கே யாரும் வேண்டாவிட்டால் பிள்ளை எத்தனை காலம் வேக வேண்டுமோ என்ற பயம் அவளைத் தின்றது. வீட்டோரம் கார் நிறுத்திய இடம்தான் கோயிலானது. பத்துப் பேர் உள்ளே நின்றால் பதினோராவது ஆள் சாலையில் நிற்க வேண்டும்.

கல்லில் பெயர் வெட்டும்போதுதான் அவளுக்குப் புத்தி கெட்டுப்போனது. பெருமையாக இருக்கட்டும் என்று அவனுடைய பட்டாள நம்பரையும் போடச் சொன்னாள். ஜெலுத்தோங்கில் ஒரு நம்பரை வெட்டி வாசலில் வைத்தால் சும்மா விடுவார்களா? யாரோ கடைசி நாலு எண்களை லாட்டரியில் கட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பரிசு அடித்தது.

அப்புறம் என்ன, கிளிஃபர்ட் சாமியாகிவிட்டான். மல்லிகை மாலை, கட்டுக் கட்டாக ஊதுபத்தி, உயிரோடு இருந்தபோது அவன் தொட்டே பார்க்காத கறுப்பு பீர். அவனுக்காக வேண்ட ஓர் ஆள் இல்லை. அவனிடம் வேண்டத்தான் வரிசை.

பங்குச் சாமியார் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்பர மறைச்சிடுங்கம்மா," என்றார். அவள் கணவர் ஆரோக்கியநாதன் சிமெண்ட் பூசினார். மறுநாள் அந்தப் பூச்சின் மேல் பவுடரைத் தூவித் தேய்த்து, தெரிகிற கோடுகளில் நம்பர் தேடினார்கள். கதவைப் பூட்டினார். பூட்டில் இருந்த எண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள். கும்பிடுகிறவர்களைத் தடியால் அடித்தா விரட்ட முடியும்?

ஒரு சனிக்கிழமை காலை, அழுது வீங்கிய முகத்தோடு அமலம்மாள் வாசலுக்கு வந்தாள். வரிசையின் முன்னால் மாலையோடு நின்றாள் எதிர் ஃபிளாட் ஜெயலெட்சுமி.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

அத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. "எம்புள்ள கனவுல வந்தான் ஜெயா. தொண்ட காஞ்சி நிக்கிறான். 'அம்மா, தண்ணி தாங்க'ன்னு கேக்கறான். எனக்காக யாருமே வேண்டலயேன்னு அழுவறான். நீயாவது அவனுக்காக வேண்டிக்கம்மா. உங்க சாமிகிட்ட கேட்டாலும் பரவால்லலா."

ஜெயலெட்சுமிக்கும் கண் கலங்கியது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியது. ஒரு கையால் அமலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கைப்பேசியை எடுத்து, கனவுக்கு நம்பர் சொல்லும் பக்கத்தைத் திறந்தாள்.

"அழுவாதீங்கக்கா. தண்ணி எத்தன தடவ கேட்டாரு?"

"மூணு தடவ," என்றாள் அமலம்மாள், அழுகையோடு.

பின்னால் நின்றவர்களும் குறித்துக்கொண்டார்கள்.