அவருக்குப் பிடித்த படம்

என் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், அவருக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்த படம் எது என்று கேட்டு இரண்டு பேர் என் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். ஊசி போட்ட பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

இவர்களும் என் கணவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தையல்கடை மாடியில் படம் பார்ப்பார்கள். துணி வெட்டும் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் வெள்ளை லைனிங் துணியைக் கட்டித் திரையாக்கிக்கொள்வார்கள். ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் அந்த வாரம் அவருடைய உயிர்ப் படம்தான் ஓடும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் முறை வரும்போதெல்லாம் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுபோகும், இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். அதனால் அவர் படம் மட்டும் ஓடியதே இல்லை. இந்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். ஆள் இல்லாதபோதாவது போட்டுவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள், ரொம்ப நல்ல மனசு.

"சந்தேகமே வேண்டாம் அண்ணி, அந்த லாரிப் படம்தான்," என்றார் தையல்காரர். அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஊர் ஊராக ஒரு பியானோவை லாரியில் கொண்டுபோகிற படம் அது. "என் தோள்ல கையப் போட்டு அண்ணனே சொன்னாரு."

"கதை விடாதய்யா," என்றார் மருந்துக்கடைக்காரர். "மூணு திருடங்க ஒரே வீட்டுல மாட்டிக்கிற படம்தான் அவருக்கு உசுரு. என் கடையில நின்னுக்கிட்டு மூச்சுவிடாம வசனம் சொல்லுவாரு."

இருவரும் முட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இரண்டும் இல்லை, ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற பெண்ணின் படம்தான் என்றேன். கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து பார்த்தது. "என் வாழ்க்கையில இதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே தியேட்டரை விட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் எத்தனை முறை போட்டாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்.

மருந்துக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "உங்களுக்குப் பிடிச்ச படம் எது அண்ணி?"

"அதேதான்," என்றேன்.

தையல்காரர் மெதுவாக, "எனக்கும் லாரிப் படம்தான் பிடிக்கும்," என்றார். மருந்துக்கடைக்காரர் டீ கப்பைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு அந்தப் பேசுற நாய் படம்தானே? எனக்குப் பிடிச்ச அதே படம்," என்றாள். கல்லூரிக்குப் போகிறவள், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், அவருடைய டார்ச்சையும் சீருடைச் சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். சினிமா என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர். உங்களிடமாவது அவர் உண்மையைச் சொன்னாரா என்று கேட்டேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "அது அவரு வேலைம்மா. லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க, கதவப் போட்டு இடிப்பாங்க. இவரு வெளியில நின்னு, 'உங்களுக்குப் பிடிச்ச படம் என்னங்க'ன்னு கேப்பாரு. அவங்க எதச் சொன்னாலும் 'அட, எனக்கும் அதேதாங்க'ம்பாரு. அந்தப் படத்தப் பத்தியே பேசிட்டிருப்பாரு. நான் மேல ஏறி வேலைய முடிச்சிருவேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் கத்தினதில்ல."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அந்தப் படத்தை ரசித்தாரா, இல்லை என்னைச் சமாளித்தாரா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கடைசியில் லாரிப் படத்தையே போடச் சொன்னேன். கடை தையல்காரருடையது, திரைத்துணியும் அவருடையது, ஒரு சண்டை மிச்சமாகும். ஞாயிறு மதியம் ஜன்னல்களை மூடிவிட்டு மாடியில் உட்கார்ந்தோம். லாரி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பியானோவை யாரும் தொடக்கூட இல்லை. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு இடத்தில் அப்பன் லாரியை ஓரம் கட்டி, தூங்குகிற மகன்மேல் வெயில் படாமல் கண்ணாடியில் தன் சட்டையைக் கழற்றி மாட்டினான். பக்கத்திலிருந்த தையல்காரர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தன் கையால் சமைத்துப் பரிமாறிவிட்டு, நாம் முதல் வாய் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி.

"எப்படி அண்ணி இருக்கு?"

"எனக்கும் இதான் தம்பி ஃபர்ஸ்ட்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் முகமெல்லாம் மலர்ந்து திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னபோது அது எனக்குப் பொய்யாக இல்லை. அப்படியென்றால் என் கணவர் அந்த ரயில் நிலையப் படத்தை ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார். இருட்டில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது, அடக்க முடியவில்லை. படம் என்னை உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தையல்காரர் பெருமையாகத் தன் கைக்குட்டையை நீட்டினார்.