கிரிம்லி சாவி

எங்கள் ஹாக்ஸ்பி ரயில்வே கம்பெனியின் தலைவர் தர்க்கெல் தன் கம்பெனி ரயிலில் ஏறியதே இல்லை. இடுப்பு வலிக்குமாம். எங்கே போனாலும் குதிரை வண்டிதான். இடுப்பு வலியெல்லாம் பங்குதாரர்களான எங்களுக்கு.

பக்கத்து மார்ஸ்டன் கம்பெனி எங்களை விழுங்கப் பார்த்தது. அதன் தலைவர் பம்ஃப்ரி ஆள்வைத்து எங்கள் பங்குகளை வாங்கிச் சேர்த்திருந்தார். கம்பெனியைக் கொடுப்பதா வேண்டாமா என்று பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. தோற்றால் தர்க்கெலின் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் நாய்கூட அவரைத் திரும்பிப் பார்க்காது. அது அவருக்கும் தெரியும்.

அதனால் பெரிய மூளைக்காரர் என்ன செய்தார்? மார்ஸ்டன் ஆட்கள் வரும் வழியில், இரண்டு கம்பெனிப் பாதைகளும் சேரும் கிரிம்லி சந்திப்பில், கூட்டத்தன்று காலையில் ஓர் ஓட்டை இஞ்சினை நிறுத்தித் தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டவைத்தார். சாவியை யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. பூட்டிவிட்டு வந்த ஆள் என்னிடம் உளறியதால் எனக்குத் தெரியும்.

கிருதாவைத் தடவிக்கொண்டே, கூட்டம் நடக்கும் ஓட்டல் மண்டபத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றார். முன்வரிசையில் பம்ஃப்ரியும் அவர் ஆட்களும் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்படிய்யா வந்தீங்க?"

"நேத்தே வந்துட்டோம்ல. இங்க ஆட்டுக்கறி பிரமாதம். உங்க பாதைய நம்பி கூட்டத்தன்னைக்குக் கிளம்ப எங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார் பம்ஃப்ரி.

"சிரிங்க, நல்லா சிரிங்க. சால்ட்பிலேர்ந்து எனக்கு ஓட்டுப் போட என் ஆளுங்க ஒரு ரயில் நெறைய வர்றாங்க. ஓசி டிக்கெட்டு, ஓசிச் சாப்பாடு. அப்புறம் பாப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சால்ட்பி ரயிலும் கிரிம்லி வழியாகத்தானே வரவேண்டும்! ரயிலில் ஏறுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம்.

செயலாளர் டாப்ஸன் ஒரு தந்தியோடு ஓடிவந்தார். அசடு, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"ஐயா, நம்ம ரயிலு கிரிம்லில நிக்குதாம்! முன்னால ஏதோ இஞ்சின் பூட்டிக் கெடக்காம். சாவி அனுப்பச் சொல்றாங்க!"

தர்க்கெலின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. மண்டபமே அதைப் பார்த்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"ஓட்டெடுப்பத் தள்ளிவைக்கணும்!" என்று அலறினார்.

"எதுக்கு? நீங்க குதிரை வண்டியில போய்த் தொறந்துட்டு வர்றதுக்கா?" என்றேன்.

ஓட்டெடுப்பு நடந்தது. தர்க்கெல் தோற்றார். நானும் அவருக்கு எதிராகத்தான் கை தூக்கினேன். பம்ஃப்ரி யோக்கியன் என்றல்ல. திருடனாக இருந்தாலும் ரயிலில் ஏறுகிற திருடனாக இருக்கட்டுமே.

பம்ஃப்ரி எழுந்து கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. இஞ்சின் இனி எங்களோடது."

கொடுத்துவிட்டு, தர்க்கெல் டாப்ஸனைப் பார்த்து, "என் வண்டியக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

டாப்ஸன் பம்ஃப்ரியின் முகத்தைப் பார்த்தார்.

"வண்டியும் கம்பெனியோடதுதானே? நீங்க ரயில்ல போங்க. கிரிம்லில தொறந்துவிடச் சொல்றேன்" என்றார் பம்ஃப்ரி.