நாசரேத் வரைக்கும் ஒரு கொலை

வேதப்புத்தகத்தை அதன் கறுப்பு ஜிப் உறையிலிருந்து உருவிச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அந்த உறைக்குள் ஒரு கொலை நாவலைத் திணித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் கையும் களவுமாக அகப்பட்டாள் ஜெபசெல்வி.

“அம்மா, என்ன செய்யுத?”

“உங்கப்பாவுக்கு இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்குளா.”

ஜெப்ஸி பெங்களூரிலிருந்து வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. பேதலிக்கவெல்லாம் இல்லை. முன்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் ஜேசுபாதம் படுத்திருந்தார். மூன்றரைக்குப் போதகர் வந்துவிடுவார், நாலு மணிக்குக் கோவில், அப்புறம் கல்லறைத் தோட்டம். இப்போதே மணி மூன்று. அதற்குள் அந்த மனுஷனுக்குக் கொலைகாரன் யார் என்று சொல்லி அனுப்பியாக வேண்டும். அரைகுறையாகக் கதை கேட்டுவிட்டு அவர் எப்படி நிம்மதியாகப் போவார்?

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் டாலி கிளார்க்காக இருந்தவர் ஜேசுபாதம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. ஒரு மூட்டையைக்கூடத் தப்பவிட்டதில்லை என்று பெயர். ஆனால் வீட்டைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் கொலை கேட்டுத்தான் வந்தார்கள். “அண்ணாச்சி, நல்ல கொலையா ஒண்ணு குடுங்க” என்பார்கள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று முதலில் கேட்பார். ஒவ்வொரு நாவலின் உள்ளட்டையிலும் பென்சிலால் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். பக்கத்திலேயே இருக்கிற முத்தையாபுரம் என்றிருந்தால் மெல்லிய புத்தகம். அரை மணி நேரத் தூரத்திலுள்ள சின்னப் புதுக்கோட்டை என்றிருந்தால், பஸ் அங்கே போய் நிற்கவும் கொலைகாரன் பிடிபடவும் சரியாக இருக்கும். நாசரேத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதனால் கனத்த புத்தகம், நாலைந்து பேராவது சாவார்கள். வீட்டில் தனியாக இருக்கிறவர்களுக்குப் பேய் பங்களாக் கதைகளைத் தரவே மாட்டார்.

காலையில் பக்கத்துத் தெரு வடிவம்மாள் மாலையோடு ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். இரவல் வாங்கியது. மாலையைப் பெட்டிமேல் வைத்தாள், புத்தகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். “நான் இன்னும் முடிக்கலக்கா. இனி யாருகிட்ட வந்து நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன்?” என்று அழுதாள். அதுவரை கல்லாட்டம் உட்கார்ந்திருந்த ஜெபசெல்வியும் அப்போதுதான் அழுதாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படித்த நாவல்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். கொலைகாரன் யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் சீட்டைப் பிரிக்கலாம். தோற்றவர் மறுநாளிலிருந்து காலை டீ போட வேண்டும், அடுத்த புத்தகம் முடிகிறவரை. கல்யாணமான புதிதில் ஜெபசெல்விதான் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஜெப்ஸி வயிற்றில் வந்த மாதம் முதல் தடவையாக ஜெயித்தாள். அதற்கப்புறம் நாற்பது வருடமாக அவர் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. “இந்த மூளைய வச்சுக்கிட்டு கப்பல்ல என்னத்தத்தான் எண்ணுனீங்களோ” என்று சுக்கு தட்டிப் போட்ட டீயை வாங்கிக் குடித்தபடியே கேலி பேசுவாள்.

இருதயம் தளர்ந்து அவர் படுக்கையில் விழுந்தபின் அவள்தான் வாசித்துக் காட்டினாள். இது நாசரேத் புத்தகம். நேற்றுச் சாயங்காலம் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். படுத்தபடியே சீட்டு எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார்.

“இன்னைக்கே முடிச்சிருவோமாங்க?”

“மூச்சு வாங்குதுளா. நாளைக்குப் படிப்போம். கொலைகாரன் எங்க ஓடிரப் போறான்?”

விடியுமுன்னே அவர்தான் போய்விட்டார்.

பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெபசெல்வி ஜிப்பைத் திறந்தாள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். ஜேசுபாதத்தின் தம்பி ஜெபசிங், சபையில் உபதேசியார், கூட்டத்தைக் கையமர்த்தினார்.

“சத்தம் போடாதீங்க. மதினி வேதம் வாசிக்காங்க.” பிறகு பக்கத்தில் வந்து பயபக்தியோடு குனிந்தார். “எந்த அதிகாரம் மதினி?”

“கடைசி அதிகாரம், கொழுந்தனாரே.”

அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடினார். ஜெபசெல்விக்கு வியர்த்துவிட்டது. ஜெப்ஸிதான் ஓடிவந்தாள். “சித்தப்பா, பந்தல்ல உங்கள தேடுதாங்க. அத்தைங்களா, நீங்களும் போயி ஒரு வாய் டீ குடிங்க. அம்மா அப்பாகூடக் கொஞ்சம் இருக்கட்டும்.” எல்லாரையும் அனுப்பிவிட்டு அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

கண்ணாடி மூடியருகே குனிந்து ஜெபசெல்வி வாசித்தாள். துப்பறிகிறவர் எல்லாரையும் பங்களாக் கூடத்தில் உட்காரவைத்தார், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அடுத்த பக்கத்தில் பெயர். அங்கே நிறுத்தினாள். இன்று சட்டத்தை மீறினால் யார் கேட்கப்போகிறார்கள்? “மொதல்ல உங்க சீட்டப் பாப்போம்” என்று மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள்.

‘தோட்டக்காரன்’ என்று எழுதியிருந்தது.

ஆறாம் அத்தியாயத்தில் செத்துப்போனவன் தோட்டக்காரன். அவனைப் புதைத்த இடத்தை அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அதற்கப்புறமும் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கொலை நடந்தது, செத்தவன் வந்தா செய்வான்? ஒரு மூட்டையைத் தப்பவிடாத மனுஷனுக்கு இது தெரியாதா? முன்னே ஒரு கதையில் கண் தெரியாத கிழவியைக் கொலைகாரி என்று எழுதினார். இன்னொன்றில் கொலைக்கு முந்தின நாளே கொழும்புக்குக் கப்பலேறிப் போனவனை எழுதினார். மசக்கையில் அவள் தலை தூக்க முடியாமல் கிடந்த அந்த மாதம் தோற்க ஆரம்பித்தவர், கடைசிவரை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார். நாற்பது வருட டீ. இத்தனை கொலைகாரர்களைக் கண்டுபிடித்தவளுக்கு இந்த ஒரு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே.

பக்கத்தைத் திருப்பினாள். டாக்டர்தான் கொலைகாரன். அவள் சீட்டிலும் அந்தப் பெயர்தான். ஜெப்ஸி நெருங்கிவந்து தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள், அவள் கண்ணும் அந்த வரியில்தான் இருந்தது.

ஜெபசெல்வி விரலை வரியின்மேல் வைத்தபடி, புத்தகத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தோட்டக்காரன்தாங்க. நீங்க சொன்னதுதான் சரி. அவன் சாகவே இல்லையாம். செத்த மாதிரி சும்மா கண்ண மூடிப் படுத்துக் கெடந்திருக்கான்.”

ஜெப்ஸி அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடி, உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வாசலில் போதகரின் வண்டி வந்து நின்றது.

மறுநாள் காலை ஜெப்ஸி எழுந்து வந்தபோது அடுக்களையில் விளக்கு எரிந்தது. மேடைமேல் டப்பாக்கள் எல்லாம் இறக்கி வைக்கப்பட்டிருந்தன.

“நீ உக்காரும்மா. டீ நான் போடுதேன்.”

“வேண்டாம்ளா. நேத்து நான்தான தோத்தேன்.”

டீத்தூள் எதில் இருக்கிறதென்று ஜெபசெல்விக்குத் தெரியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.